மூளையின் சாசனங்கள்

பண்டை அரசர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் நாணயங்களும் துணை நிற்கின்றன. பண்டை விலங்குகளின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு மண்ணுள் புதைந்து கல்லாகிய எலும்புகளும் பற்களும் துணை நிற்கின்றன. ஆனால் மூளையின் வரலாற்றை எழுதப் புகுவோரின் நிலை பரிதாபமானது. மூளை மிக மென்மையான உறுப்பு. உயிர் நீங்கிய சில நாள்களில் அது அழுகி மறைந்து விடுகின்றது. எஞ்சுவது மண்டையோட்டின் வெற்றறை மட்டுமே. அவ்வறையின் வார்ப்பை எடுத்துப் பார்த்தால் மூளையின் அளவையும் புறவடிவையும் ஓரளவு அறியலாம். உள்ளே எத்தகைய கலங்கள் இருந்தன, அவை எவ்வாறு இணைந்திருந்தன, என்ன வேலை செய்தன என்பவற்றை அது சொல்வதில்லை. அரண்மனையின் மதிலளவைக் கொண்டு உள்ளே நடந்த அரசியலை ஊகிப்பது போன்றது அது.

ஆதலின் மூளை எவ்வாறு கூர்ப்படைந்தது என்று அறிய விரும்பியவர்கள், மாண்ட விலங்குகளை விட்டு, இன்று வாழும் விலங்குகளிடமே சாசனம் தேட வேண்டியவராயினர். மனிதன், குரங்கு, எலி, பறவை, ஆமை ஆகியவற்றின் மூளைகளை ஒப்புநோக்கி, எல்லாவற்றிற்கும் பொதுவானது பழையது என்றும், சிலவற்றில் மட்டும் உள்ளது புதியது என்றும் தீர்மானிப்பதே அவர்கள் கைக்கொண்ட முறை. முறை ஒன்றாயினும் ஒப்புநோக்கப்படும் சாசனம் காலந்தோறும் மாறி வந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது கண்ணுக்குத் தெரியும் வடிவமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுணுக்குக்காட்டியில் தெரியும் கல அமைப்பாக இருந்தது. இருபத்தோராம் நூற்றாண்டில் அது கலங்களுக்குள் பரம்பரையலகுகள் தொழிற்படும் அளவாக மாறியுள்ளது. இந்த மாற்றத்தின் வரலாறு, மனிதன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணங்களின் வரலாறுமாகும்.

கதை இலண்டனில் தொடங்குகின்றது. பிரித்தானிய நூதனசாலையின் இயற்கை வரலாற்றுப் பகுதிகளுக்குப் பொறுப்பாயிருந்த ரிச்சட் ஓவன், தம் காலத்து ஒப்பு உடற்கூற்றியலாளருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்டவர். 1857ஆம் ஆண்டிலே லின்னேயன் சங்கத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரையை வாசித்தார். முலையூட்டிகள் அனைத்தையும் மூளையின் அமைப்பைக் கொண்டு நான்கு வகுப்புகளாகப் பிரிப்பதே அவ்வுரையின் நோக்கம். பைம்மா விலங்குகளும் முட்டையிடும் முலையூட்டிகளும் முதற்படியில் வைக்கப்பட்டன. எலி, வௌவால் போன்ற மழமழப்பான மூளையுடையவை இரண்டாம் படியிலும், யானை, திமிங்கிலம், குரங்கு முதலிய மடிப்புள்ள மூளையுடையவை மூன்றாம் படியிலும் வைக்கப்பட்டன. நான்காம் படியில் மனிதன் ஒருவனே தனித்து வைக்கப்பட்டான். அவ்வகுப்புக்கு ஓவன் இட்ட பெயரின் பொருள் 'ஆளும் மூளையுடையோர்' என்பது.

மனிதனைத் தனி வகுப்பில் வைப்பதற்கு ஓவன் மூன்று அடையாளங்களைக் காட்டினார். மனித மூளையத்தின் பின்மடல் பின்னோக்கி வளர்ந்து மூளியை முற்றும் மூடுவது ஒன்று. மூளையின் உள்ளே உள்ள பக்க அறை பின்புறமாக ஒரு கொம்பு போல நீள்வது இரண்டாவது. அவ்வறையின் சுவரில் 'சிறு ஹிப்போகாம்பஸ்' எனப்படும் சிறு மேடு காணப்படுவது மூன்றாவது. இம்மூன்றும் மனிதனிடம் மட்டுமே உண்டு என்பது அவர் கூற்று. சார்ள்ஸ் டார்வினுடைய நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே இவ்வாறு ஒரு வேலி நாட்டப்பட்டது.

1860ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒக்ஸ்போட் நகரிலே பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் கூடியது. அக்கூட்டத்தை நினைவுகூர்வோர் பெரும்பாலும் பேராயர் வில்பபோர்சுக்கும் தோமஸ் ஹக்ஸ்லிக்கும் நடந்த வாக்குவாதத்தையே நினைவுகூர்வர். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னரே, யூன் 28ஆம் திகதி, ஓவன் தம் கூற்றை அவையில் மீண்டும் எடுத்துரைத்தபோது ஹக்ஸ்லி எழுந்து அதனை நேரடியாக மறுத்தார். மறுப்புக்கான ஆதாரங்களைப் பின்னர் தருவதாகவும் வாக்களித்தார். அவ்வாறே அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கிலாந்தின் விஞ்ஞான சஞ்சிகைகளில் அந்தச் சிறு மேட்டைப் பற்றிய வழக்கு நடந்தது. ஓவன் ஆதாரமாகக் காட்டிய சிம்பன்சி மூளையின் படம், சேமித்து வைக்கப்பட்டுச் சுருங்கிய ஒரு மூளையைப் பார்த்து ஒல்லாந்து உடற்கூற்றியலாளர் இருவர் வரைந்தது. அவ்விருவருமே ஓவனின் முடிவை ஏற்கவில்லை. 1862ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நடந்த கூட்டத்தில் வில்லியம் பிளவர் என்பார் குரங்கின் மூளையை அவையின் முன்னிலையிலேயே அறுத்து, மனிதனுக்கே உரியதெனப்பட்ட மேடு அங்கும் இருப்பதைக் காட்டினார். 1863ஆம் ஆண்டு ஹக்ஸ்லி 'இயற்கையில் மனிதனின் இடம்' பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே வெளிவந்த சார்ள்ஸ் கிங்ஸ்லியின் சிறுவர் கதையொன்றில் இந்தச் சண்டை நகைப்புக்கு இடமாயிற்று. வேலி சரிந்தது.

ஓவன் தோற்றதற்குக் காரணம் அவர் அறிவிலி என்பதன்று. அவரினும் அதிகமான மூளைகளைக் கண்டவர் அக்காலத்தில் சிலரே. மனிதனிடம் தனித்த ஓர் உறுப்பு இருந்தே தீரவேண்டும் என்று முதலில் முடிவு செய்து, பின்னர் அவ்வுறுப்பைத் தேடியதே அவர் பிழை. முடிவை முன்வைத்துச் சாசனத்தைப் படிக்கும் வரலாற்றாசிரியன் வீழும் குழியும் இதுவேயன்றோ?

வேலி சரிந்த பின்னரும் ஏணி நிலைத்திருந்தது. விலங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிப்படியாக அடுக்கி, உச்சியில் மனிதனை அமர்த்தும் எண்ணம் விஞ்ஞானிகளின் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அந்த ஏணி விலங்குகளோடு நின்றிருந்தால் தீங்கு சிறிதாயிருக்கும். அமெரிக்காவிலே சாமுவேல் மோட்டன் என்பவர் மனித மண்டையோடுகளை விதைகளாலும் ஈயக் குண்டுகளாலும் நிரப்பி அளந்து, அவ்வளவைக் கொண்டு மனித இனங்களை உயர்ந்தவை, தாழ்ந்தவை எனத் தரம் பிரித்தார். பாரிசிலே போல் புரோக்கா மூளைகளை நிறுத்து அவ்வாறே முடிவுகள் கூறினார். குரங்கின் உறவை ஒப்புக்கொண்ட ஹக்ஸ்லியும் இத்தவற்றிலிருந்து முற்றாக விடுபட்டவரல்லர். அடிமை வியாபாரமும் குடியேற்ற ஆட்சியும் நடந்த காலத்தில், மூளையின் அளவு அதிகாரத்துக்குச் சாட்சியாக அழைக்கப்பட்டது. மூளையின் வரலாற்றைப் பிழையாக எழுதுவது ஏட்டளவில் நின்றுவிடும் குற்றமன்று. அது மனிதர்களின் வாழ்வைத் தொடும் குற்றம் என்பதை இதனால் உணரலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாயமூட்டும் முறைகளும் சிறந்த நுணுக்குக்காட்டிகளும் வந்தன. ஜேர்மனியில் கொர்பினியன் புரொட்மன் மூளைய மேற்பட்டையை மெல்லிய தகடுகளாகச் சீவி, கலங்களின் அடுக்கும் நெருக்கமும் இடத்துக்கிடம் மாறுவதைக் கண்டு, 1909ஆம் ஆண்டு தம் புகழ்பெற்ற படத்தை வெளியிட்டார். மனிதனை மட்டுமன்றிப் பல முலையூட்டிகளையும் அவர் ஒப்புநோக்கினார். முலையூட்டிகளின் மேற்பட்டை பொதுவாக ஆறு அடுக்குகளாக அமைந்திருப்பது தெளிவாயிற்று. பிராங்பேட் நகரின் லூட்விக் எடிங்கர், மீன் தொடங்கி மனிதன் வரை மூளை பழைய பகுதியின்மேல் புதிய பகுதியைச் சேர்த்துச் சேர்த்து வளர்ந்தது என்று கற்பித்தார். பின்னர் அமெரிக்க அறிஞர் போல் மக்லீன் இக்கருத்தை விரித்து, மனிதனுக்குள் ஊர்வனவற்றின் மூளை, பழைய முலையூட்டியின் மூளை, புதிய முலையூட்டியின் மூளை என மூன்று மூளைகள் அடுக்காக உள்ளன என்றார். கோபம் வந்தால் உள்ளிருக்கும் பல்லி விழித்துக்கொள்கின்றது என்று மக்கள் பேசத் தொடங்கினர்.

கருத்து கவர்ச்சியானது, ஆயினும் உண்மை அதற்கு இடங்கொடுக்கவில்லை. பல்லியும் ஆமையும் மனிதனுக்கு மூதாதையர் அல்ல. மனிதனும் பல்லியும் முப்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்து பிரிந்த இருவேறு கிளைகள். இரு கிளைகளும் சம காலம் கூர்ப்படைந்து வந்துள்ளன. பறவையின் மூளையில் சிந்தனைக்குரிய மேற்பட்டை இல்லை என்று எடிங்கர் வழிவந்தோர் கூறிவந்தனர். ஆனால் காகமும் கிளியும் காட்டும் சாதுரியம் அதனைப் பொய்யாக்கியது. 1960களில் ஹாவி காட்டன் என்னும் அமெரிக்கர் பறவை மூளையின் நரம்புப் பாதைகளை ஆராய்ந்து, அவை முலையூட்டிகளின் மேற்பட்டைப் பாதைகளை ஒத்திருப்பதைக் காட்டினார். ஈற்றில் 2004ஆம் ஆண்டு அறிஞர் குழுவொன்று பறவை மூளையின் பகுதிகளுக்கு இடப்பட்டிருந்த பழைய பெயர்களை மாற்றி அமைத்தது. எனினும் ஒரு வினா எஞ்சியது. ஆமையின் மூளையிலுள்ள ஒரு கலமும் எலியின் மூளையிலுள்ள ஒரு கலமும் உறவுடையவை என்று எதனைக் கொண்டு துணிவது? வடிவம் ஏமாற்றலாம்; இருக்குமிடம் மாறலாம். வேறொரு சாசனம் தேவைப்பட்டது.

அச்சாசனத்தின் இயல்பை விளங்கிக்கொள்ள ஓர் உவமை உதவும். உடலின் ஒவ்வொரு கலத்திலும் ஏறக்குறைய ஒரே நூலகம் இருக்கின்றது. அந்நூலகத்தில் உள்ள நூல்களே பரம்பரையலகுகள். மனிதனிடம் புரதங்களை ஆக்குவதற்குரிய பரம்பரையலகுகள் சுமார் 20,000 உண்டு. ஈரலின் கலத்திலும் மூளையின் கலத்திலும் நூல்கள் ஒன்றே. ஆனால் ஈரல் இரவல் பெறும் நூல்கள் வேறு, மூளை இரவல் பெறும் நூல்கள் வேறு. ஒரு நூல் படிக்கப்படும்போது அதன் பிரதியொன்று எழுதப்படுகின்றது. அப்பிரதியே தூது ஆர்.என்.ஏ. எனப்படும், 1961ஆம் ஆண்டு அது இனங்காணப்பட்டது. அவ்வாண்டிலேயே பிரான்சியரான பிரான்சுவா ஜாக்கொப்பும் ஜாக் மொனோவும், சில பரம்பரையலகுகள் மற்றவற்றின் தொழிலைத் தூண்டவும் அடக்கவும் வல்லன என்று விளக்கினர். ஒரு கலத்தில் உள்ள தூதுப் பிரதிகளை எண்ணினால், அக்கலம் எந்நூலை எவ்வளவு படிக்கின்றது என்பது தெரியும். இதனையே பரம்பரையலகு வெளிப்பாடு என்கின்றனர்.

இதற்கும் மூளையின் கூர்ப்புக்கும் உள்ள தொடர்பை முதலில் அழுத்திக் கூறியவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கிளயர் கிங்கும் அலன் வில்சனும் ஆவர். மனிதனின் புரதங்களையும் சிம்பன்சியின் புரதங்களையும் ஒப்பிட்ட அவர்கள், அவை நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் ஒன்றாயிருப்பதைக் கண்டு வியந்தனர். நூல்கள் இத்துணை ஒன்றாயிருக்க, வாசகர் இத்துணை வேறுபட்டது எங்ஙனம்? சிம்பன்சியின் மூளை ஏறக்குறைய 400 கிராம். மனித மூளை ஏறக்குறைய 1,350 கிராம். 1975ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் கூறிய விடை இது: வேறுபாட்டின் பெரும்பகுதி பரம்பரையலகுகளில் அன்று, அவை எப்போது, எங்கே, எவ்வளவு தொழிற்படுகின்றன என்பதில் உள்ளது. அன்று அதனைச் சோதிக்கக் கருவி இல்லை. கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

1995ஆம் ஆண்டு ஸ்டான்போட் பல்கலைக்கழகத்தார் சிறு கண்ணாடித் தகட்டில் பல பரம்பரையலகுகளின் துணுக்குகளைப் புள்ளி புள்ளியாகப் பதித்து, அவற்றின் தொழிலை ஒருங்கே அளக்கும் முறையை வெளியிட்டனர். 2002ஆம் ஆண்டு ஜேர்மனியின் லைப்சிக் நகரில் ஸ்வாந்தே பேபோவின் தலைமையில் இயங்கிய குழுவினர் இவ்வகைத் தகடுகளைக் கொண்டு மனிதன், சிம்பன்சி, குரங்கு ஆகியவற்றின் மூளையையும் ஈரலையும் ஒப்பிட்டனர். மனித மரபில் மூளையின் பரம்பரையலகு வெளிப்பாடு சிறப்பாக வேகம்பெற்று மாறியுள்ளது என்பது அவர்கள் முடிவு. செய்தி உலகெங்கும் பரவியது. கிங்கும் வில்சனும் சொன்னது மெய்யாயிற்று என்று பலர் மகிழ்ந்தனர்.

ஆனால் மகிழ்ச்சியோடு ஐயமும் எழுந்தது. தகட்டில் பதித்திருந்தவை மனிதனின் பரம்பரையலகுத் துணுக்குகள். சிம்பன்சியின் பிரதியில் ஓரெழுத்து மாறியிருந்தாலும் அது தகட்டில் இறுகப் பற்றாது. பற்றாத பிரதி, இல்லாத பிரதியாகக் கணக்கிடப்படும். ஓர் ஊரின் அளவுகோலைக் கொண்டு மற்றோர் ஊரின் நிலத்தை அளந்தால் நேரும் வழு இதுவாகும். அந்த வழுவைத் திருத்திக் கணக்கிடும் முறைகளைப் பல குழுவினர் ஆராய்ந்தனர். 2005ஆம் ஆண்டு லைப்சிக் குழுவினரே இருதயம், சிறுநீரகம், ஈரல், விதை, மூளை ஆகிய ஐந்து இழையங்களை மனிதனிலும் சிம்பன்சியிலும் ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைந்த இழையம் மூளையே என்று தெரிந்தது. எனினும் மூளையில் நேர்ந்த அந்தச் சிறு மாற்றங்களுள் மனிதனின் பக்கத்தில் நேர்ந்தவை சிம்பன்சியின் பக்கத்தில் நேர்ந்தவற்றிலும் கூடுதல் என்பதும் புலப்பட்டது. முதற்செய்தியின் ஆரவாரம் தணிந்து, உண்மை தன் அளவில் நின்றது.

2008ஆம் ஆண்டளவில் தகடு தேவையில்லாமலே தூதுப் பிரதிகளின் எழுத்துகளை நேராகப் படித்து எண்ணும் முறை வந்தது. எந்த விலங்கையும் அதனதன் மொழியிலேயே படிக்க அது வழிசெய்தது. 2011ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் ஹென்றிக் கேஸ்மன் குழுவினர் பத்து உயிரினங்களின் ஆறு உறுப்புகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையில் ஒரு மைல்கல். மனிதன், சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான், றீசஸ் குரங்கு, சுண்டெலி, பைம்மாவாகிய ஒப்பொசம், முட்டையிடும் பிளாட்டிப்பஸ் ஆகிய ஒன்பது முலையூட்டிகளோடு கோழியும் அதில் இடம்பெற்றது. உறவு நெருங்கிய விலங்குகளின் வெளிப்பாடு நெருங்கியும், உறவு தூரமானவற்றின் வெளிப்பாடு விலகியும் இருந்தமையால், அவற்றைக் கொண்டே வம்சாவளி மரமொன்றை வரையக்கூடியதாயிற்று. மூளையத்திலும் மூளியிலும் மாற்றம் மெதுவாகவே நடந்துள்ளது. விதையில் விரைவாக நடந்துள்ளது. மூளை என்பது முலையூட்டிகள் மிகக் கவனமாகப் பேணிவந்த முதுசொம் என்பதே அதன் பொருள். ஒன்றோடொன்று பின்னிய ஆயிரம் வேலைகளைச் செய்யும் உறுப்பில் கைவைக்க இயற்கையும் அஞ்சுகின்றது போலும்!

அங்ஙனமாயின் மனித மூளை வேறுபட்டது எவ்வாறு? விடையின் ஒரு பகுதி காலத்தில் உள்ளது. 2012ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, நரம்புக்கலங்களின் இணைப்புகளை ஆக்கும் பரம்பரையலகுகள் மூளையின் முன்மேற்பட்டையில் எவ்வயதில் உச்சமாகத் தொழிற்படுகின்றன என்று நோக்கியது. சிம்பன்சியிலும் குரங்கிலும் அவ்வுச்சம் பிறந்து ஓராண்டு நிரம்புமுன்னரே வந்து போகின்றது. மனிதக் குழந்தையில் அது ஐந்து வயதளவில் வருகின்றது. அதாவது, மற்றக் குரங்கினங்களில் மூளையின் இணைப்பு வேலை பெரிதும் முடிந்துபோன பருவத்தில், மனிதக் குழந்தையின் மூளை இன்னும் திறந்த நிலையில் இருந்துகொண்டு, பெற்றோரின் மொழியையும் சுற்றத்தாரின் வழக்கையும் உள்வாங்குகின்றது. மனிதனின் சிறப்பை ஒரு மேட்டில் தேடிய ஓவன், அது தாமதத்தில் இருக்கக்கூடும் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

2019ஆம் ஆண்டு கேஸ்மன் குழுவினர் மீண்டும் ஏழு இனங்களின் ஏழு உறுப்புகளைக் கருவிலிருந்து முதிர்வு வரை பின்தொடர்ந்தனர். வளர்ச்சியின் தொடக்கத்தில் எல்லா விலங்குகளின் வெளிப்பாடும் மிக ஒத்திருந்து, வளர வளர விலகிச் செல்வதைக் கண்டனர். 1828ஆம் ஆண்டிலேயே கார்ள் ஏர்ன்ஸ்ட் வொன் பேயர், வெவ்வேறு விலங்குகளின் முளையங்கள் தொடக்கத்தில் ஒத்திருந்து பின் வேறுபடுகின்றன என்று வெறுங்கண்ணாலும் எளிய வில்லையாலும் கண்டு எழுதியிருந்தார். இருநூறு ஆண்டு பழைமையான அவதானிப்புக்குப் பரம்பரையலகுகள் சாட்சி கூறின.

விடையின் மற்றொரு பகுதி தொகையில் உள்ளது. ஜேர்மனியின் டிறெஸ்டன் நகரில் வீலண்ட் ஹட்னர் குழுவினர், வளரும் மனித மேற்பட்டையின் மூலக்கலங்களில் தொழிற்படுவனவும் சுண்டெலியில் இல்லாதனவுமாகிய பரம்பரையலகுகளைத் தேடினர். 2015ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஒரு பரம்பரையலகு மனித மரபில் மட்டுமே காணப்படுவது. பழைய பரம்பரையலகு ஒன்று இரட்டித்ததால், சிம்பன்சியின் மரபு பிரிந்த பின் அது தோன்றியது. அதனைச் சுண்டெலியின் முளையத்தில் புகுத்தியபோது மூலக்கலங்கள் பெருகின. மழமழப்பான மேற்பட்டையில் சிலவேளை மடிப்பும் தோன்றியது. எலி மனிதனாகிவிடவில்லை. ஆனால் மூளை பெருப்பதற்குரிய வழிகளுள் ஒன்று கண்முன்னே தெரிந்தது.

இதற்கிடையில் நாடுகளைப் படம் வரைவது போல மூளையைப் படம் வரையும் பணியும் நடந்தது. அமெரிக்காவின் சியாற்றில் நகரில் அலன் ஆய்வுநிலையத்தார், ஏறக்குறைய 20,000 பரம்பரையலகுகள் சுண்டெலியின் மூளையில் எங்கெங்கே தொழிற்படுகின்றன என்று காட்டும் படத்தொகுதியை 2006ஆம் ஆண்டு முடித்து, எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டனர். அடுத்த பத்தாண்டில் ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே பிரித்து அதன் தூதுப் பிரதிகளை எண்ணும் முறை வளர்ந்தது. அதுவரை இழையத்தை அரைத்து அளந்த விஞ்ஞானிகள், ஊரின் சராசரி வருமானத்தை மட்டும் அறிந்திருந்தவர் வீடு வீடாகக் கணக்கெடுத்தாற்போன்ற நிலையை அடைந்தனர்.

அந்த வீட்டுக் கணக்கு எடிங்கரின் வினாவுக்கும் மக்லீனின் அடுக்குக்கும் தீர்ப்புக் கூறியது. 2018ஆம் ஆண்டு பிராங்பேட் நகரின் மக்ஸ் பிளாங்க் ஆய்வுநிலையத்தார் ஆமை, பல்லி ஆகியவற்றின் மூளைக் கலங்களை அவ்வாறு கணக்கெடுத்தனர். அடக்கும் தொழிலைச் செய்யும் இடைநரம்புக்கலங்களின் பெருவகுப்புகள் ஊர்வனவற்றிலும் முலையூட்டிகளிலும் ஒன்றே. நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியும் இரண்டிலும் உறவுடையது. ஆனால் முலையூட்டியின் ஆறடுக்கு மேற்பட்டையிலுள்ள தூண்டும் நரம்புக்கலங்களுக்கு ஊர்வனவற்றில் நேரொத்த இணை இல்லை. முலையூட்டியில் வெவ்வேறு அடுக்குகளுக்குரிய அடையாளங்கள் ஊர்வனவற்றில் ஒரே கலத்தில் கலந்து காணப்பட்டன. ஆகவே பழைய பல்லி மூளையின்மேல் புதிய மாடி கட்டப்படவில்லை. பழைய வீட்டின் அதே அறைகள் இரு கிளைகளிலும் இருவேறு வகையாகத் திருத்திக் கட்டப்பட்டுள்ளன. நம்முள் உறங்கும் பல்லி ஒன்று இல்லை.

2019ஆம் ஆண்டு அலன் ஆய்வுநிலையத்தார் மனித மேற்பட்டையின் ஒரு பகுதியில் 75 வகைக் கலங்களை இனங்கண்டனர். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சுண்டெலியில் ஒத்த வகைகள் உண்டு. ஆயினும் அவ்வகைகளின் விகிதமும், இருக்கும் அடுக்கும், பரம்பரையலகு வெளிப்பாடும் மாறியிருந்தன. குறிப்பாகச் செரற்றொனின் என்னும் பொருளை ஏற்கும் வாங்கிகள் இரண்டிலும் பெரிதும் வேறுபட்டன. மனநோய்க்குரிய மருந்துகள் பல இத்தகைய வாங்கிகளின்மேல் தொழிற்படுவன. அம்மருந்துகள் முதலில் சோதிக்கப்படுவதோ எலிகளில். எலியைக் குணப்படுத்திய மருந்து மனிதனிடம் தோற்பதன் காரணங்களுள் ஒன்றை இவ்வொப்புநோக்கு உணர்த்துகின்றது. மூளையின் பழங்கதையைத் திருத்தமாக அறிவது நோயாளியின் படுக்கைக்கும் உரிய விடயம்.

ஓவனின் வழக்கு மறந்துபோன பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2020ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், மூளையின் ஆழத்தில் வரியுடல் எனப்படும் பகுதியில் ஓர் இடைநரம்புக்கல வகையைக் கண்டனர். அது மனிதனிலும் குரங்குகளிலும் அப்பகுதியின் இடைநரம்புக்கலங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காக இருந்தது; சுண்டெலியிலும் பெரட் என்னும் விலங்கிலும் காணப்படவில்லை. குரங்கினத்துக்கே உரிய புதிய கலம் என்று அது பேசப்பட்டது. பின்னர் பன்றி, பெரட் ஆகியவற்றின் வளரும் மூளைகளை வேறு குழுவினர் ஆராய்ந்தபோது, அதே வகையின் உறவுக்கலங்கள் அவற்றிலும் தென்பட்டன. சுண்டெலியிலும் வேறு பெயரோடு அறியப்பட்டிருந்த ஒரு சிறு கூட்டம் அதன் உறவே என்று தெளிந்தது. புதிதாகத் தோன்றியதாகக் கருதப்பட்டது, பழையது பெருகியதேயாகும். இங்கே எவரும் எவரையும் இகழவில்லை. தரவுகள் எல்லோர்க்கும் திறந்திருந்தமையால், மூன்றாண்டு நீண்ட வசைப்போர் இன்றியே பிழை திருந்தியது. ஒக்ஸ்போட் கூட்டத்துக்குப் பின் விஞ்ஞானம் கற்ற பாடங்களுள் இது சிறந்தது.

இச்சாசனத்துக்கும் குறைகள் உண்டு. தூதுப் பிரதி உயிர் நீங்கியபின் சிதையத் தொடங்குவது. ஆதலின் மூளை எப்போது எடுக்கப்பட்டது, எவ்வாறு குளிரூட்டப்பட்டது என்பன முடிவைப் பாதிக்கும். மனித மூளைகள், இறந்தபின் உடலைத் தானம் செய்தோரின் பெருந்தன்மையாலும் உறவினரின் சம்மதத்தாலும் கிடைப்பவை. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவை அருகி வரும் இனங்கள். இயல்பாக இறந்தவற்றின் மூளைகளையே பெரிதும் நம்பியிருக்க வேண்டும். ஆகவே ஒப்பிடும் எண்ணிக்கை சிறிது. மேலும் நூலின் பிரதி எடுக்கப்பட்டது என்பதனால் அது சொல்லும் வேலை முழுவதும் நடந்துவிட்டது என்றாகாது. புரதத்தின் அளவு வேறாயிருக்கலாம். கலங்களின் கணக்கிலிருந்து எண்ணத்துக்கும் மொழிக்கும் செல்லும் பாதை இன்னும் நெடியது. ஒராங்குட்டானும் கொரில்லாவும் காடுகளிலிருந்து மறைந்துபோமாயின், அப்பாதையில் நமக்கு வழிகாட்டும் சாசனங்களும் அவற்றோடு மறையும்.

ஓவன் முதல் இன்றுவரை நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்த தேடலின் பயன் இதுவாகும். மனித மூளையில் மற்ற முலையூட்டிகளுக்கு இல்லாத அரியாசனம் ஒன்று இதுவரை அகப்படவில்லை. அகப்பட்டவை பழைய கலங்கள், பழைய பரம்பரையலகுகள், அவற்றின் அளவிலும் இடத்திலும் காலத்திலும் நேர்ந்த மாற்றங்கள், இடையிடையே இரட்டித்துத் தோன்றிய சில புதிய பரம்பரையலகுகள். எலியும் குரங்கும் மனிதனும் ஒரே முதுசொத்தை வெவ்வேறு விதமாக ஆண்டுவரும் உறவினர். மண்டையோட்டை விதையால் நிரப்பி மக்களைத் தரம் பிரித்தவர்கள் தேடிய ஏணி, இச்சாசனத்தின் எப்பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அதில் வரைந்திருப்பது கிளைவிட்ட மரம். அம்மரத்தில் மனிதன் உச்சியில் அல்லன். பல கொம்புகளுள் ஒரு கொம்பில், நெடுங்காலம் குழந்தையாயிருந்து கற்கும் வாய்ப்பைப் பெற்றவனாய் அமர்ந்திருக்கின்றான்.